லகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவே

சட்டம் தெரியுமா என்று கேட்டார்கள் நேர்காணலில்.
வரிசையில் நிற்கத் தெரியும் என்றேன்.
சிரித்தார்கள். வேலை கொடுத்தார்கள்.
சம்பளத்தைச் சொன்னபோது நான் சிரித்தேன்.

அதற்குமுன் ஸோம்பா சந்தை வாசலில்
கைபேசி ரீசார்ஜ் அட்டை விற்றுக்கொண்டிருந்தேன்.
எண்களைப் பிழையில்லாமல் எழுதும் கை,
அவ்வளவுதான் என் தகுதி.

ஆறு வாரப் பயிற்சி.
ஜாமீன் மனு எப்படி எழுதுவது,
காவலரின் கண்ணைப் பார்த்து எப்படிக் கேட்பது,
எப்போது கேட்காமல் இருப்பது.
கடைசிப் பாடம் புத்தகத்தில் இல்லை.

எங்கள் சிச்சேவா மொழியில்
வழக்குக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல்: ம்லாண்டு.
அவனுக்கு ம்லாண்டு இருக்கிறது என்றால்
அவன்மேல் வழக்கு இருக்கிறது என்றும் ஆகும்,
அவன் செய்துவிட்டான் என்றும் ஆகும்.
ஒட்டிக் கிடக்கும் இரண்டையும்
நகத்தால் பிரித்தெடுப்பது
என் வேலையில் பாதி.
மீதிப் பாதி, நகல் இயந்திரத்துக்கு
மை கேட்டுக் கடிதம் எழுதுவது.

முதல் நாள், சிறை முற்றத்தில்
நூற்றிருபது பேர் முழங்கால் கட்டி அமர்ந்திருந்தார்கள்.
ஜாமீன் என்றால் என்னவென்று விளக்க
ஒரு நாடகம் போடலாம் என்றேன்.
திருடனாக நடிக்க ஒருவரும் வரவில்லை.
மாஜிஸ்திரேட்டாக நடிக்க
நாற்பது கைகள் எழுந்தன.

கடைசி வரிசையில் கை தூக்காமல் ஒருவர்.
வைசன் லிகோஸ்வே.
சைக்கிள் திருட்டு என்றார்.
எத்தனை நாளாக?
மூன்று முறை மக்காச்சோளம் அறுத்துவிட்டார்கள் என்றார்.

காவல் நிலையத்தில் இருக்கும் என்றது நீதிமன்றம்.
நீதிமன்றத்தில் இருக்கும் என்றது காவல் நிலையம்.
நடுவே ஏழு கிலோமீட்டர், மழைக்காலம்,
ஒரு ஜோடிச் செருப்பு அந்தக் கோப்புக்கே போனது.
பதினோராம் முறை போய் நின்றபோது
பதிவறை எழுத்தர் கம்வெண்டோ
சாவியையே என்னிடம் நீட்டிவிட்டார்,
தேநீர் ஆறிவிடுமென்று.

லகர அடுக்கில் இல்லை.
மாலையில்தான் உறைத்தது, அதே மொழி பேசும் எனக்கே.
எங்கள் நாக்குக்கு லகரமும் ரகரமும் ஒன்று.
சொல்பவர் ல என்பார், எழுதுபவர் ர என்று எழுதுவார்,
இருவர்மேலும் பிழையில்லை.
ரகர அடுக்கின் அடியில் கிடந்தார்
ரிகோஸ்வே, வை.,
பல்லி முட்டை ஓடுகளோடு.

மூன்று அறுவடைக் காலம் ஒரு மனிதன்
இரண்டு எழுத்துகளுக்கு நடுவே
ஒருக்களித்துப் படுத்திருந்திருக்கிறான்.

மனுவை நான் எழுதினேன்.
மன்றத்தில் பேசியவர் வழக்கறிஞர்.
கறுப்பு அங்கி அவருக்கு, பின்பெஞ்சு எனக்கு.
நான் வாய் திறக்கக் கூடாது.
என் வாக்கியம் அவர் குரலில் எழுந்து நடந்தது.
ஒரு காற்புள்ளியை அவர் விழுங்கிவிட்டார்,
அதுமட்டும் இன்னும் உறுத்துகிறது.

எப்போது வக்கீல் ஆவாய்
என்று கேட்கிறாள் அக்கா, ஒவ்வொரு ஈஸ்டருக்கும்.
பாதி வழியில் நிற்பவளாகத் தெரிகிறேன் போலும்.
ஏழு வருடம். டிப்ளமா முடித்தேன்,
இரவில், மின்சாரம் இருந்த இரவுகளில்.
இப்போது ஒரு மேஜை, பூட்டுள்ள இழுப்பறை,
கதவில் என் பெயர், தியாமிகே ந்க்வாஸி,
அதிலும் ஓர் எழுத்துப் பிழை.
திருத்தச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறேன்,
மார்ச்சிலிருந்து பரிசீலனையில் இருக்கிறது.

யார் பெயர் சொன்னாலும்
இரண்டு விதமாகவும் எழுதிக்கொள்கிறேன்.

லிகோஸ்வே வெளியே வந்த அன்று
சிறை வாசலெங்கும் ஜகரண்டா உதிர்ந்து கிடந்தது.
உள்ளங்கை குவித்து மெல்லத் தட்டி
நன்றி சொல்வாரென்று நின்றேன், மறைப்பானேன்.
சைக்கிள்? என்றார்.

அது அவருடையதேதான்.
வாங்கிய ரசீது கோப்பின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது.
வண்டி காவல் நிலையத்தின் பின்னால்,
சக்கரங்களில்லாமல், சுவரில் சாய்ந்து.
இதற்கும் மனு உண்டா என்றார்.

பேருந்துக் காசை அவர் கையில் வைத்துவிட்டு
குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.
சக்கரம், இரண்டு.
மணி இருந்ததா?
இருந்தது என்றார்,
கட்டைவிரலைக் காற்றில் அழுத்திக் காட்டினார்.
எழுதிக்கொண்டேன்.